மூன்றாம் முறை டிரெய்னி

பூங்கொடிக்கு அந்தக் கம்பெனியில் அது மூன்றாவது பிறப்பு. முதல் தடவை சேர்ந்தபோது ஒரு நம்பர் கொடுத்தார்கள். பதினோரு மாதம் கழித்து, "பத்து நாள் வீட்டுல இரு, அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டு, வந்ததும் புது நம்பர் கொடுத்தார்கள். இன்னொரு பதினோரு மாதம், இன்னொரு பத்து நாள், இப்போது இன்னொரு நம்பர். ஆள் அதே ஆள்தான். செருப்புகூட அதே செருப்புதான். ஆனால் காகிதத்தில் பார்த்தால், திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஓசூரில் புதிதாக வந்து இறங்கிய பச்சைப்பிள்ளை.

இந்தப் பத்து நாளுக்குக் கம்பெனியில் 'பிரேக்' என்று பேர். ஒரு ஆள் ஒரு வருஷத்தை முழுசாக முடித்துவிட்டால், அந்த ஆளை வைத்துக்கொள்வதா, என்ன பேர் வைப்பது என்று யாராவது ஒரு முடிவு எடுக்க வேண்டி வருமாம். அந்தச் சிரமம் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. யோசித்துக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவருக்கு ஏசி ரூமில் நல்ல நாற்காலி போட்டிருப்பார்கள்.

மோட்டார் பைக்குக்குள்ளே நரம்பு மாதிரி ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனி அது. வயரின் நுனியில் பித்தளைத் துண்டு இருக்கும். அதை கனெக்டரின் ஓட்டைக்குள் தள்ள வேண்டும். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வந்ததா என்று ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். இருபத்தாறு ஓட்டை உள்ள கனெக்டரில் மாற்றாமல், மறக்காமல், நாள் முழுக்கத் தள்ளிப் பார்த்தால் தெரியும்.

பூங்கொடிக்கு அது தெரியும். துறையூர்ப் பக்கமிருந்து வந்த பெண், டிப்ளமோ. கம்பெனியிலேயே அந்தக் கனெக்டரை அவளைப்போலச் செய்ய ஆள் கிடையாது என்று அவள் சொல்ல மாட்டாள். மற்றவர்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டாள். "தள்ளு, டக்குன்னு கேளு, இழுத்துப் பாரு" என்று லைனில் எல்லோரும் சொல்கிறார்களே, அது அவள் உண்டாக்கின வாசகம். முதல் வருஷத்திலேயே புதிதாக வருகிறவர்களை அவள் பக்கத்தில்தான் உட்கார வைத்தார்கள். இதுவரை நாற்பத்தியோரு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த நாற்பத்தியோரு பேரின் பயிற்சித் தாளிலும் 'டிரெய்னர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவர் லைன் இன்சார்ஜ் ஆஞ்சப்பன். அவர் ஸ்டோரிலிருந்து வந்தவர். நல்ல மனுஷன், பாகலூரில் ரோஜாத் தோட்டம், ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு மிஷினுக்கும் தன் தோட்டத்துப் பூவையே கொண்டுவந்து வைப்பார். வயரைக் கையில் கொடுத்தால் மட்டும் கைக்குழந்தையை வாங்கிக்கொண்ட புது அப்பன் மாதிரி விழிப்பார்.

மூன்றாம் தடவை சேரும்போது எச்.ஆர். சுசித்ரா மேடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். சுசித்ரா எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவர். கோபமே வராது. அதுதான் தொந்தரவு.

"பூங்கொடி, ரூல் தெரியும்தானே? ஒரு ஆளை மூணு தடவைக்கு மேல டிரெய்னியா எடுக்கறது இல்ல."

"அப்ப இந்தத் தடவை முடிஞ்சதும் ஆபரேட்டர் ஆக்கிடுவீங்களா மேடம்?"

"ஆமேலே நோடோணா" என்றார் சுசித்ரா.

அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். கன்னடம் ஒரு எழுத்து தெரியாதவர்களுக்கும் அந்தக் கம்பெனியில் இந்த இரண்டு வார்த்தை மட்டும் தெரியும். கேன்டீனில் இன்னொரு வடை கேட்டால், பரிமாறுகிற அக்காவே "ஆமேலே நோடோணா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

பூங்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு மாதம். அதற்குள் ஆபரேட்டர் ஆகாவிட்டால் கேட்டுக்கு வெளியே, அதோடு சரி. கேட்டுக்கு வெளியே போவதுகூடப் பரவாயில்லை. வீட்டில் என்ன சொல்வது?

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. முதல் பிரேக் வந்தபோது, துறையூரிலிருந்து அம்மா கருப்பாயி போனில், "ஏண்டி, பர்மனன்ட் ஆயிட்டியா இல்லையா? பக்கத்து வீட்டுக்காரி கேட்டுக்கிட்டே இருக்கா" என்று பிடுங்கியெடுத்தாள். பூங்கொடிக்கு எரிச்சலில், "ஆயிட்டேம்மா, ஆபரேட்டர் ஆயிட்டேன், போனை வை" என்று வந்துவிட்டது. கருப்பாயி போனை வைத்தாள். வைத்த கையோடு தெருவுக்கே சொல்லிவிட்டாள். கோயிலில் பொங்கல் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரிக்கு முதல் கரண்டி கொடுத்தாள். அன்றிலிருந்து பூங்கொடி பிரேக்குக்கு ஊருக்குப் போவதில்லை. ஆபரேட்டர் பெண்ணுக்கு ஏது பத்து நாள் லீவு? மத்திகிரி வாடகை ரூமிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அம்மா போன் செய்யும்போதெல்லாம் மிஷின் சத்தத்துக்காக மிக்சியை ஓட விட்டாள். ஒருநாள் கருப்பாயி, "என்னடி உங்க கம்பெனியில தேங்காய்ச் சட்னியா அரைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டாள். தாய்க்காரி காது அப்படி.

ரூமில் கூட இருப்பவள் பிரவீனா. தேன்கனிக்கோட்டைப் பெண், வீட்டில் தெலுங்கு, வெளியில் மூன்று பாஷை. ஓசூர் காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். போன வருஷம் பூங்கொடி கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருத்தி. செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில், பூங்கொடியின் பையில் துருத்திக்கொண்டிருந்த புதுப் பயிற்சித் தாளை எடுத்து விரித்தாள்.

"அக்கா, இதுல ரெண்டு கட்டம் இருக்கு பாத்தியா? ரெண்டுலயும் ஒரே வார்த்தைதான். ஒண்ணுக்கு வால்ல 'அர்' வெச்சிருக்காங்க, இன்னொண்ணுக்கு 'ஈ' வெச்சிருக்காங்க. அர் வெச்சா குடுக்கறவங்க. ஈ வெச்சா வாங்கிக்கறவங்க. அவ்ளோதான். மூணு வருஷம் படிச்சதை உனக்கு மூணு நிமிஷத்துல சொல்லிட்டேன்."

"எல்லாத்துக்கும் அப்படித்தானா?"

"எம்ப்ளாயர், எம்ப்ளாயி. வேலை குடுக்கறவங்க, வாங்கிக்கறவங்க. இன்டர்வியூவர், இன்டர்வியூவி. கேள்வி கேக்கறவங்க, உக்காந்து வேர்க்கறவங்க."

"ரெஃப்ரீ?"

"ரெண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கறவன்தானே? சரியாத்தான் வெச்சிருக்காங்க."

"காபி?"

"காபியைக் குடிக்கறதோட நிறுத்திக்கோ அக்கா."

பூங்கொடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். மாட்டுப் பண்ணையின் நீளமான வேலி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏண்டி, ஈ வெச்சுக்கிட்டும் தானா ஒரு காரியம் பண்றவங்க யாருமே கெடையாதா?"

பிரவீனா யோசித்தாள். இங்கிலீஷ் பி.ஏ.வுக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு மரியாதை கொடுத்ததில்லை என்பதால் நன்றாகவே யோசித்தாள்.

"இருக்காங்க. ஆப்சென்டி. வராம இருக்கறவங்க. அப்புறம் எஸ்கேப்பி. தப்பிச்சு ஓடிப்போனவங்க."

"நல்லா இருக்கு நியாயம். நாம சொந்தமா ஒண்ணு பண்ணணும்னா, வராம இருக்கணும், இல்லாட்டி ஓடிப்போகணும்."

பிரவீனா சிரித்துக்கொண்டே அவள் வலது கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினாள். அங்கே பச்சை மையில் 'பூ' என்று ஒரே ஒரு எழுத்து. ஊர்த் திருவிழாவில் பூங்கொடி என்று முழுப் பேரையும் குத்திக்கொள்ள உட்கார்ந்தாள். முதல் எழுத்து முடிந்ததும் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வருவதற்குள் பூங்கொடிக்குத் தைரியம் போய்விட்டது.

"வால் வேண்டிய பேருக்கு வால் இல்ல. வேண்டாத எடத்துல ஈ வந்து ஒட்டிக்கிட்டு மூணாவது தடவையும் போவ மாட்டேங்குது" என்றாள் பிரவீனா.

"மூடுடி" என்று பூங்கொடி சிரித்தாள். தாளை வாங்கி மடித்துப் பைக்குள் திணித்தாள்.

பயிற்சி வகுப்பு ஐந்து நாள். அதில் முக்கியமான பாடம் டிவியில் ஓடுகிற ஒரு வீடியோ. வீடியோவில் முகம் கிடையாது, இரண்டு கை மட்டும்தான். வயரை எடுத்து, தள்ளி, சத்தம் கேட்டு, இழுத்துப் பார்க்கிற கைகள். பின்னாலிருந்து "தள்ளு… டக்குன்னு கேளு… இழுத்துப் பாரு…" என்று ஆஞ்சப்பன் கணீரென்று பேசுவார். வாய் ஆஞ்சப்பனுடையது. கை பூங்கொடியுடையது. ஒன்றரை வருஷத்துக்கு முந்தி, அவள் முதல் நம்பரில் இருந்தபோது எடுத்தது. போன பிரேக் முடிந்து வந்தபோதும் அவளை உட்கார வைத்து அவள் கையையே அவளுக்குக் காட்டிப் பாடம் நடத்தினார்கள். இப்போது மறுபடியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி, "இந்தக்கா என்னா வேகம் பாருங்க, நம்மளுக்கெல்லாம் எப்ப வரும் இது?" என்று பூங்கொடியிடம் ஏக்கத்தோடு கேட்டாள். "வரும்மா, முயற்சி பண்ணு" என்று பூங்கொடி தனக்கும் சேர்த்துச் சொல்லிவைத்தாள்.

புதன்கிழமை ஆடிட். வயர் வாங்குகிற பைக் கம்பெனியிலிருந்து சென்னையம்மா ஒருவர், ராஜலட்சுமி என்று பேர், ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று தகவல் வந்தது. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார், பேசாமலே ஆளை வேர்க்க வைப்பார் என்று சொன்னார்கள். ஆஞ்சப்பன் காலையிலிருந்தே கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தார். வரவேற்புக்குத் தோட்டத்திலிருந்து ஒரு ரோஜாக் கொத்து கொண்டுவந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். வகுப்பறைக்கு வந்ததும் பூங்கொடியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மா தாயே, உன் நம்பருக்கு இன்னிக்கோட மூணு நாள்தான் வயசு. ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு சார்."

"அந்தம்மா செஞ்சு காட்டச் சொல்லும். நீ பாட்டுக்கு மளமளன்னு செஞ்சுடாத. கொஞ்சம் தடுமாறு. ஒண்ணு ரெண்டைக் கீழ போடு. புதுசுன்னா அப்படித்தானே இருக்கும்?"

"எல்லாம் நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். தடுமாற மட்டும் நீங்க சொல்லிக் குடுங்க."

ஆஞ்சப்பனுக்கு அது கேலி என்று புரிய நேரமில்லை. "அதெல்லாம் தானா வரும்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

வரவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

ராஜலட்சுமி வந்தார், கூடவே சுசித்ரா. டிவியில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ராஜலட்சுமி சுவரில் இருந்த பலகையை முதலில் பார்த்தார். அதில் ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் நாலு பாகமாகப் பிரித்த ஒரு வட்டம். வேலை கற்கக் கற்க ஒவ்வொரு பாகமாகக் கறுப்பு அடைப்பார்கள். நாலும் அடைந்தால் அந்த ஆள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பூங்கொடியின் புதுப் படத்துக்குக் கீழே வட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நீங்க செஞ்சு காட்டுங்கம்மா" என்று ராஜலட்சுமி கை நீட்டினார். வேறு யாரையும் பார்த்திருக்கக் கூடாதா?

பூங்கொடி பெஞ்சில் உட்கார்ந்தாள். மெதுவாகச் செய், மெதுவாகச் செய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் வயரை வேண்டுமென்றே திருப்பிப் பிடித்தாள். விரல் அதைத் தானாகவே சரியாகத் திருப்பிக்கொண்டது. இரண்டாவதைக் கீழே போட நினைத்தாள். போட்டாள்கூட. அது மேஜை ஓரத்தைத் தாண்டுவதற்குள் இடது கை பிடித்துவிட்டது. மூன்றாவதைப் பாதியில் விடலாம் என்று பார்த்தால், டக்கென்ற சத்தம் கேட்காமல் கை நகர மாட்டேன் என்கிறது. பிறகு என்ன ஆயிற்றோ, பழகின தடத்தில் கை ஓட ஆரம்பித்துவிட்டது. இருபத்தாறு ஓட்டை. நிமிர்ந்து பார்த்தபோது கனெக்டர் முடிந்திருந்தது. ஆஞ்சப்பன் ரோஜாக் கொத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றார்.

"சேந்து எத்தனை நாள் ஆச்சும்மா?"

"மூணு நாள் மேடம்."

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

ஆஞ்சப்பன் சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் ஆடிட் முடிந்தது. அந்தம்மா அடுத்த அறைக்குப் போய்விடுவார். பதினோரு மாதம் கழித்து இவள் கேட்டுக்கு வெளியே போய்விடுவாள். உண்மையைச் சொன்னாலோ இன்று சாயங்காலமே போக வேண்டியிருக்கும், கூடவே அந்த அப்பாவி மனுஷனும் மாட்டுவார். இரண்டையும் சொல்லப் பிடிக்காமல் டிவியைக் காட்டினாள்.

"அந்த வீடியோவுல இருக்கற அக்காதான் மேடம். ரொம்ப நல்ல அக்கா. எத்தனை தடவை கேட்டாலும் கோவப்படாம அதையே திருப்பித் திருப்பிக் காட்டும்."

ராஜலட்சுமி சிரிக்கவில்லை. டிவியையே பார்த்தார். பிறகு, "கொஞ்சம் நிறுத்துங்க" என்றார்.

ஆஞ்சப்பன் பதற்றத்தில் ரிமோட்டை அமுக்கினார். நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. திரை முழுக்க ஒரு வலது கை, மணிக்கட்டு மேலே பார்த்தபடி. அதில் பச்சையாக ஒரு 'பூ'.

ராஜலட்சுமி திரையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த கையைப் பார்த்தார். அங்கேயும் அதே பூ. வீடியோவின் மூலையில் எடுத்த தேதி இருந்தது. அதையும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

"கைக்கு வயசு ஒண்ணரை வருஷம். ஆளுக்கு வயசு மூணு நாள். இது எப்படிம்மா?" என்று சுசித்ராவைக் கேட்டார்.

"ஆமே…" என்று ஆரம்பித்த சுசித்ரா அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் பூங்கொடியால் அடக்க முடியவில்லை. "அந்த அக்கா நான்தான் மேடம். என் கையைப் பாத்து நானே ஒரு தடவை பாடம் படிச்சாச்சு, இது ரெண்டாவது. நாப்பத்தியோரு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். பேப்பர்ல பாத்தா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தச் சுவத்துல பாருங்க, என் வட்டத்துல ஒரு புள்ளிகூட இல்ல." குரல் உடைந்தது. அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். அழுதுவிட்டாள். அதைவிட, மூன்று நாள் டிரெய்னி ஆடிட் அம்மா முன்னால் அழுகிறாளே என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ராஜலட்சுமி பயிற்சித் தாள்களை வாங்கிப் புரட்டினார். "எல்லாத்துலயும் டிரெய்னர்னு ஆஞ்சப்பன் கையெழுத்து இருக்கே. யாருங்க அது?"

ஆஞ்சப்பன் கையிலிருந்த ரோஜாக் கொத்தைப் பார்த்தார். அதை அந்தம்மாவிடம் கொடுப்பதா என்று ஒரு கணம் யோசித்தார் போலிருக்கிறது. பிறகு மேஜைமேல் வைத்தார்.

"நான்தாங்க மேடம். எனக்கு அந்த வேலை தெரியாதுங்க. சொல்லிக் குடுத்ததெல்லாம் இந்தப் பொண்ணு. டிரெய்னி கையெழுத்துப் போடக் கூடாதுன்னு ரூலு இருக்குதுங்க, அதனால நான் போட்டேன். வீடியோவுல பேசறேனே, அதுகூட இது எழுதிக் குடுத்ததுதாங்க."

இருபது வருஷ சர்வீஸில் ஆஞ்சப்பன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ராஜலட்சுமி கத்தவில்லை. உட்கார்ந்து நாலே வரி எழுதினார். நாற்பத்தியோரு பேருக்கும் வேலை தெரியாதவர் கையெழுத்து. ஆகவே அவர்களுடைய பயிற்சி செல்லாது. தெரிந்த ஒருவர் ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை இங்கிருந்து ஒரு பெட்டியும் எங்கள் கேட்டுக்குள் வரக் கூடாது. சோதிக்கிறவர் ஒரு வருஷமாவது ஆபரேட்டராக இருந்திருக்க வேண்டும். அந்த ரூலைப் போட்டதும் உங்கள் கம்பெனிதான். எழுதியதைச் சுசித்ராவிடம் கொடுத்துவிட்டு, போகும்போது ரோஜாக் கொத்தை அவரே எடுத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. உங்க தோட்டமா?" என்று ஆஞ்சப்பனிடம் கேட்டார். ஆஞ்சப்பனுக்குத் தலையை ஆட்டத்தான் தெம்பு இருந்தது.

சோதித்துப் பார்க்கிற அளவுக்கு வேலை தெரிந்தவர் கம்பெனியில் ஒருத்திதான். அவளோ மூன்று நாள் குழந்தை. இப்போது என்ன செய்வது? மேலே ஏசி ரூமில் புதன்கிழமை மதியத்திலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். காபி போய்க்கொண்டே இருந்தது. கேட்டில் லாரி வந்து காலியாக நின்றது. இரண்டு வருஷமாக முடிவு எடுக்கத் தெரியாதவர்களுக்கு ஒன்றரை நாளில் முடிவு எடுக்கத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் சுசித்ரா கூப்பிட்டு லெட்டரைக் கையில் கொடுத்தார். முதல் தடவை சேர்ந்த தேதியிலிருந்தே சர்வீஸ் தொடர்கிறது. இரண்டு பிரேக்கும் லீவு. சென்ற வருஷத் தேதியிலிருந்து ஆபரேட்டர். இன்றிலிருந்து டிரெய்னர். பூங்கொடி மூன்று தடவை படித்தாள். ஆபரேட்டர் ஆனதாகப் போட்டிருந்த தேதி, முதல் பிரேக் ஆரம்பித்த அதே வாரம். அம்மாவிடம் போனில் எரிச்சலோடு சொன்ன அந்தப் பொய்யைக் கம்பெனியே சீல் குத்தி உண்மையாக்கிக் கொடுத்திருந்தது.

அதில் ஒரு சங்கடமும் இருந்தது. இத்தனை பாடுபட்டு வந்த சந்தோஷத்தை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குத்தான் ஒரு வருஷம் முந்தியே தெரியுமே!

"அம்மா, என்னை டிரெய்னர் ஆக்கியிருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"அது பெருசா, ஆபரேட்டர் பெருசா?"

"இதுதாம்மா பெருசு."

"அப்ப ஏண்டி அழுவுற? மிக்சி ஓடலையே இன்னிக்கு?" என்றாள் கருப்பாயி.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று பூங்கொடி கேட்கவில்லை. கருப்பாயியும் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

நாற்பத்தியோரு பேரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்துச் செய்யச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போட நாலு நாள் ஆயிற்று. யாருக்கும் சலுகை காட்டவில்லை, பிரவீனாவை இரண்டு தடவை செய்ய வைத்தாள். நாலாம் நாள் கடைசியில் காலி நாற்காலியில் ஆஞ்சப்பன் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் சொல்லிக் குடும்மா" என்றார். பதினொன்று தப்பு விட்டார். பன்னிரண்டாவதில் 'டக்' என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்த முகத்தைப் பார்த்து லைனே கை தட்டியது. தாளில் டிரெய்னி என்ற கட்டத்தில் அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "இந்தக் கட்டம் சின்னதா இருக்குதும்மா, பேரு அடங்க மாட்டேங்குது" என்றார்.

"எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு சார்" என்றாள் பூங்கொடி.

இரண்டு மாதம் போயிற்று. பிரவீனாவுக்குப் பிரேக் வந்தது. பத்து நாள் தேன்கனிக்கோட்டையில் இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை புது நம்பரோடு, புதிதாக எடுத்த படத்தோடு, பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பூங்கொடி ரிமோட்டோடு உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, "வணக்கம் மேடம், நான் புதுசு. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். கண்ணில் குறும்பு இருந்தது.

பூங்கொடி வீடியோவைப் போடவில்லை. ரிமோட்டை மேஜைமேல் வைத்தாள்.

"உன் தாளைக் குடு."

வாங்கினாள். டிரெய்னர் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். பக்கத்தில், சோதித்துப் பார்த்த அந்தப் பழைய தேதியையே எழுதினாள். பிறகு சுவர்ப் பலகைக்குப் போனாள். பிரவீனாவின் படத்துக்குக் கீழே வெள்ளையாக இருந்த வட்டத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு பாகம் அடைத்தாள். இரண்டு. மூன்று. நாலாவதையும் ஓரம் விடாமல் அடைத்தாள்.

விஷயம் போய், சுசித்ரா வந்துவிட்டார்.

"பூங்கொடி, அவ புது நம்பர். அஞ்சு நாள் உக்காரணும்."

"வேலை தெரிஞ்சவ மேடம். சொல்லிக் குடுத்தது நான், சோதிச்சுப் பாத்ததும் நான். தெரிஞ்சவளைத் தெரியாதவன்னு எழுதி நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த தடவை ராஜலட்சுமி மேடம் வந்து, கை பழசா இருக்கே, ஆள் புதுசா இருக்கேன்னு கேட்டா யார் பதில் சொல்றது?"

"அப்படின்னா இவளை டிரெய்னியா வெச்சுக்க முடியாதே?"

"முடியாதுதான் மேடம். நாலும் அடைச்சாச்சு."

சுசித்ரா பலகையைப் பார்த்தார். "வர்ற மாசம் இன்னும் ஏழு பேர் பிரேக் முடிஞ்சு வர்றாங்க. அவங்களுக்கும் இப்படித்தானா?"

"அவங்களுக்கும் சொல்லிக் குடுத்தது நான்தான் மேடம்."

பூங்கொடி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஆபரேட்டராக எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிற தாள். பிரவீனா பேர் அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. கீழே எச்.ஆர். கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

"ஆமேலே நோடோணா" என்றார் சுசித்ரா, பழக்கத்தில்.

"ஈகலே நோடோணா, மேடம்" என்றாள் பூங்கொடி.

இப்பவே பார்க்கலாம் என்று அர்த்தம். பிரவீனா அதற்கு முந்தின நாள்தான், ஊரிலிருந்து வந்ததும் ரூமில் சொல்லிக் கொடுத்திருந்தாள். சுசித்ரா கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடினார். பூங்கொடி தன் பேனாவை மூடி கழற்றி நீட்டினாள்.